ரிட்டயர் ஆன பிறகு ஆமிஷ் மக்களுக்கு வண்டி ஓட்டுவது: மினிவேனா, பெரிய வேனா, வேலையாட்கள் டிரிப்பா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் பெரியப்பா மகன் போன் செய்தார். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் கவுண்டியின் மேற்குக் கோடியில் இருக்கிறார். வருகிற மார்ச்சில் வேலையிலிருந்து ஓய்வு. வயது 64. "தம்பி, பதினஞ்சு சீட் வேன் ஒண்ணு தோதான விலைக்கு வருது. உன்னை மாதிரி நானும் ஆமிஷ்காரங்களுக்கு ஓட்டலாம்னு இருக்கேன். வாங்கிரட்டுமா?" என்றார்.

"அண்ணே, வேன் இருக்கட்டும். முதல்ல ஒருநாள் வந்து என் பக்கத்து சீட்டுல உக்காருங்க" என்றேன்.

நாலு வருஷமாக ஏழு சீட் மினிவேனில் இந்த ஓட்டம் ஓடுகிறேன். அண்ணனுக்குச் சொல்ல நினைத்ததை முழுதாக எழுதிவைத்தால், இந்தப் பக்கம் குடியிருந்து ஓய்வுக்குத் தயாராகிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

ஆமிஷ் மக்கள் பழைய, எளிய வாழ்க்கைமுறையை விடாத ஒரு கிறிஸ்தவச் சமூகத்தார். கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஓட்டவும் மாட்டார்கள். ஆனால் பிறர் ஓட்டும் வண்டியில் ஏறிப் போவார்கள். இது முரணாகத் தெரியலாம். அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்டால் புரியும். வீட்டு வாசலில் கார் நின்றால் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போவார்கள், நாளடைவில் ஊரே கலைந்துவிடும். தேவைக்கு மட்டும் கூலிக்கு எடுத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் யோசனை இருக்கும், செலவு இருக்கும், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து போகிற வழக்கமும் இருக்கும். குதிரை வண்டி மணிக்கு ஏறத்தாழ பத்து மைல் போகும். அதற்குக் கட்டாத தூரத்துக்கும் அவசரத்துக்கும் டிரைவர் வேண்டும். ஆமிஷ் அல்லாத எல்லோரையும் அவர்கள் 'இங்கிலீஷ்' என்பார்கள். திருநெல்வேலியில் பிறந்த நானும் அவர்களுக்கு இங்கிலீஷ் டிரைவர்தான்.

வட அமெரிக்காவில் அவர்களுடைய மக்கள்தொகை 2024-ல் நாலு லட்சத்தைத் தொட்டது. லங்காஸ்டர், ஒஹையோவின் ஹோம்ஸ் கவுண்டி, இண்டியானாவின் எல்கார்ட்–லக்ரேஞ்ச் மூன்றும் பெரிய குடியிருப்புகள். வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள் சாதாரணம் என்பதால் இருபது வருஷத்துக்கொரு முறை தொகை ஏறத்தாழ இரட்டிக்கிறது. எல்லோருக்கும் பிரித்துக்கொடுக்க நிலம் இல்லாமல் ஆண்களில் பலர் தச்சு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அதனால் சவாரி கிடைக்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். எந்தச் சவாரியை எடுப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

முதலில் காப்பீடு. வண்டியைப் பற்றி யோசிப்பதற்கே முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். நம் சொந்தக் காருக்கு எடுக்கிற சாதாரண பாலிசி, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதைப் பொதுவாக விலக்கி வைத்திருக்கும். ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. மூன்று வாரம் அந்தப் பாலிசியை நம்பி, பின்சீட்டில் குழந்தைகளோடு ஓட்டியிருக்கிறேன். ஏஜெண்டிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்த மூணு வாரத்துல ஒரு விபத்து நடந்திருந்தா உங்க வீட்டை வித்துத்தான் ஈடு குடுத்திருக்கணும்" என்றார். அன்று வரவிருந்த இரண்டு சவாரிகளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வணிகப் பாலிசி கைக்கு வந்த பிறகுதான் மறுபடி சாவியைத் தொட்டேன்.

அடுத்தது அனுமதி. பென்சில்வேனியாவில் கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்ற, மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் சான்று வேண்டும். அதிலே இந்த வேலைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: தங்கள் நம்பிக்கையின் காரணமாக மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளவோ ஓட்டவோ இயலாதவர்களை ஏற்றிச்செல்ல மட்டும். அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு மரியாதையான வாசகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்ற மாநிலங்களில் விதி வேறு, அங்கங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வேலையின் வகைகள்.

கட்டட வேலையாட்களைத் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது ஒன்று. குளிர்கால விடியலில் நாலே முக்காலுக்கு நியூ ஹாலண்ட் பக்கம் ஒரு பண்ணை வாசலில் நிற்பீர்கள். வீட்டுக்குள் ஒரு விளக்கு மட்டும் நகரும். கதவு திறந்து இரண்டு பேர் வருவார்கள், கையில் சாப்பாட்டுக் கூலர், தோளில் கருவிப் பை. குட்மார்னிங் சொல்லி ஏறி, அடுத்த வளைவு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். இப்படி மூன்று நாலு வீடு. பிறகு மேரிலாண்ட் பக்கமோ ஃபிலடெல்ஃபியா பக்கமோ ஒன்றரை மணி நேரம் ஓட்டம். பணம் கொடுப்பவர் மேஸ்திரி ஒருவர்தான், வாரம் தவறாமல் வரும். புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை.

சிக்கல் நடுப்பகலில் இருக்கிறது. ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி மாலையில் போனால் மைல் இரட்டிப்பாகும். வேலை நடக்கிற இடத்திலேயே இருந்தால் ஒன்பது மணி நேரத்தை வண்டிக்குள் கழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், லீவு போட முடியாது என்பது. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ஆறு பேருக்கு அன்றைய கூலி போச்சு. வருமானம் கட்டாயம் தேவை, விடியலில் எழுவது பழக்கம் என்கிறவர்களுக்கு இது நல்ல வேலைதான். வேலையை விட்டதே நிம்மதியாக இருக்கத்தான் என்கிறவர்கள் இதைத் தொடவேண்டாம். பழைய வேலையைவிட இறுக்கமான வேலை இது.

பெரிய வேனில் தொலைதூரம் போவது இன்னொன்று. அண்ணன் கண் வைத்திருப்பது இதன்மேல்தான். ஒரே நாளில் வருகிற தொகை இதில்தான் பெரிதாகத் தெரியும். ஒஹையோவில் ஒரு கல்யாணம், இண்டியானாவில் ஒரு சாவு, நியூயார்க்கில் புதிதாகக் குடிபோன மகன் வீடு என்று பதினாலு பேர் சேர்ந்து போவார்கள். லங்காஸ்டரில் கல்யாணங்கள் வழக்கமாக அறுவடை முடிந்து, நவம்பரை ஒட்டிய செவ்வாய், வியாழன்களில் நடக்கும். முந்நூறு பேருக்கு மேல் சாப்பிடுகிற கல்யாணம், பந்தியில் செலரிக் கீரைத்தண்டு கட்டாயம் இருக்கும். அந்த வாரங்களில் ஒரு டிரைவரும் சும்மா இருக்கமாட்டார். ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் பைன்கிராஃப்ட் என்று ஆமிஷ் மக்களும் அவர்களுக்கு நெருங்கிய மரபினரான மென்னனைட் மக்களும் குளிர்காலத்துக்குப் போய்த் தங்கும் இடம் இருக்கிறது. அது ஆயிரம் மைலுக்கு மேல். அதற்குப் பெரும்பாலும் தனி பஸ்களே ஓடுகின்றன, வேன்காரர் ஆசைப்பட வேண்டாம்.

மாநில எல்லையைத் தாண்டிக் கட்டணத்துக்கு ஆள் ஏற்றினால் மத்திய அரசு விதிகள் வரும். டிரைவரையும் சேர்த்து 15 இருக்கை வரையுள்ள வண்டிக்கு 15 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். 16 அல்லது அதற்கு மேல் என்றால் 50 லட்சம், கூடவே வணிக ஓட்டுநர் உரிமம். 9 முதல் 15 இருக்கை வண்டிக்கு அந்த உரிமம் தேவைப்படாவிட்டாலும் மருத்துவச் சான்று வேண்டும், ஓட்டும் நேரத்துக்கும் கணக்கு வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு பத்து மணி நேரம் வரைதான் ஓட்டலாம். லங்காஸ்டரிலிருந்து ஹோம்ஸ் கவுண்டிக்கு ஒருவழிக்கே ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதனால் அன்றைக்கே திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அண்ணனிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு. பதினைந்து சீட் வேன் பாரம் ஏற ஏற நிலை தவறும். 2001-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது: பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன், தனியாக விபத்துக்குள்ளாகும்போது கவிழ்கிற விகிதம், ஆள் குறைவாக இருக்கும் வேனைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்குப் பின் வந்த வண்டிகளில் நிலைக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது, உண்மைதான். ஆனால் தோதான விலைக்கு வருகிற பழைய வண்டியில் அது இருக்கிறதா, டயர் எத்தனை வருஷத்தது என்று பார்க்காமல் கை வைக்கக்கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பது மூன்று குடும்பம்.

இரவு தங்கலையும் யோசிக்க வேண்டும். போன வீட்டிலேயே படுக்க இடம் கொடுப்பார்கள், சாப்பாடும் மனம் குளிரக் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் மின் இணைப்பு இருக்காது. நம் வயதில் பலர் தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக மெஷின் வைத்துப் படுக்கிறோம். அண்ணனும் அப்படித்தான். அவருக்கு மோட்டல்தான் சரிப்படும். அதன் வாடகை யார் பொறுப்பு என்பதைக் கிளம்புமுன் பேசிவிட வேண்டும். மெஷின் இல்லாமல் அரைத்தூக்கம் தூங்கிவிட்டு மறுநாள் பதினாலு பேரை ஏற்றுவது பாவம்.

மூன்றாவது வகையைத்தான் நான் எடுத்தேன்: மினிவேனில் பகல்நேர உள்ளூர்ச் சவாரி. டாக்டர், பல் வைத்தியர், மளிகை, ஏலம், உடம்பு முடியாத அக்காவைப் பார்க்கப் போகிற தங்கை. வீட்டுக்குள் போன் வைக்காததால் பண்ணை ஓரத்துப் போன் குடிலிலிருந்து கூப்பிடுவார்கள், பதிவுச் செய்தி விடுவார்கள். நாம் திருப்பிக் கூப்பிட்டால் மணி அடிக்கும்போது குடிலில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு செய்தியிலும் தேதி, நேரம், எத்தனை பேர், எத்தனை குழந்தை என்று முழுசாகச் சொல்லிவிடுவார்கள். அதைச் சிதறாமல் நோட்டில் எழுதிக்கொள்வது பாதி வேலை. சில ஆமிஷ் சமூகங்களில், கோடைக்காலத்துக்கு மற்றவர்கள் செய்வதுபோல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தமாட்டார்கள். அங்கே 'மெதுநேரமா, வேகநேரமா' என்று கேட்டு உறுதி செய்யாவிட்டால் ஒரு மணி நேரம் தப்பிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை அவசரம் தவிர யாரும் வண்டி கேட்க மாட்டார்கள். ஓய்வு பெற்றவருக்கு இது பெரிய வசதி. வாரத்தில் ஒருநாள் உறுதியாக நம் வீட்டுக்கு.

குழந்தைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பென்சில்வேனியாவில் நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குழந்தை இருக்கை, எட்டு வயது ஆகும்வரை பூஸ்டர் என்கிற உயர்த்தும் இருக்கை கட்டாயம், பொறுப்பும் ஓட்டுகிறவருடையது. குதிரை வண்டியில் மடியில் வைத்துப் போகிற தாய்க்கு இது சங்கடமாக இருக்கலாம். நான் மூன்று இருக்கைகளை எப்போதும் வண்டியிலேயே வைத்திருக்கிறேன். வாரை இழுத்துப் பூட்டும்போது அந்தத் தாயே பார்த்துக் கற்றுக்கொள்கிறாள்.

இந்த வகைச் சவாரியில் நாம் செய்வது பெரும்பாலும் காத்திருப்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டிலிருந்து பண்ணைக்கு 8 மைல், பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 22 மைல். போக வர மொத்தம் 60. மைலுக்கு ஒன்றேகால் டாலர், காத்திருக்க மணிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் காத்திருந்தால் 75-ம் 36-ம் சேர்ந்து 111 டாலர். வண்டிச் செலவாக 2025-ல் வரித்துறை ஒப்புக்கொண்ட கழிவு மைலுக்கு 70 சென்ட், அதன்படி 42 டாலர் கழித்தால் 69. சுயதொழில் வரி சுமார் 10 போக 59. ஓட்டமும் காத்திருப்புமாகச் சேர்த்து ஐந்து மணி நேரம். ஆக மணிக்குப் பன்னிரண்டு டாலருக்குச் சற்றுக் குறைவு. வணிகப் பாலிசியின் கூடுதல் பிரீமியம் அந்த 70 சென்டுக்குள் அடங்கும் என்றும் எண்ணவேண்டாம். வெறும் மைலுக்குக் காசு வாங்கிக்கொண்டு காத்திருப்பை இலவசமாகக் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப்பாருங்கள். கூச்சப்படாமல் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கணக்கில் நேர்மையானவர்கள், நம்மிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

அண்ணனுக்கு இதில் ஒரு பாதகம் உண்டு. அவர் வீடு மேற்கே இருக்கிறது. ஆமிஷ் பண்ணைகள் நெருங்கியிருக்கும் பகுதி அங்கிருந்து இருபத்தைந்து மைல் கிழக்கே. ஒவ்வொரு சவாரிக்கும் ஐம்பது மைல் காலி ஓட்டம் விழும். ஒரே நாளில் மூன்று சவாரியை வரிசையாகச் சேர்த்தால்தான் கட்டும்.

பள்ளி பஸ் ஓட்டுவதையும், செயலி வழி டாக்சியையும் சிலர் ஒப்பிட்டுக் கேட்பார்கள். பள்ளி பஸ்ஸுக்குப் பயிற்சியும் தனி உரிமமும் வேண்டும். ஆனால் காப்பீட்டுக் கவலை நமக்கில்லை, கோடை விடுமுறை உண்டு. பணக்கணக்கு மட்டும் பார்க்கிறவருக்கு நான் அதையே சொல்வேன். செயலி டாக்சி வேண்டியபோது ஓட்டி வேண்டாதபோது நிறுத்தலாம், அவ்வளவுதான்.

64 வயதுக்காரருக்கு இன்னொரு கணக்கு. முழு ஓய்வு வயதுக்கு முன்பே சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசுப் பென்ஷனை வாங்க ஆரம்பித்தால் சம்பாத்தியத்துக்கு வரம்பு உண்டு. 2025-ல் அது 23,400 டாலராக இருந்தது, அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரைப் பிடித்துவைப்பார்கள். சுயதொழிலில் செலவு போன நிகர வருமானமே கணக்கு. 1960-லும் அதன்பின்னும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67, அதை எட்டியபின் வரம்பு இல்லை. உள்ளூர் மினிவேன் ஓட்டத்தில் இந்த வரம்பைத் தொடுவது கடினம். வேலையாட்கள் டிரிப்பில் தொட்டுவிடலாம். கூலி ரொக்கமாகவே வந்தாலும் எல்லாவற்றையும் கணக்கில் காட்டத்தான் வேண்டும்.

இதை எழுதும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நான் வாங்கும் இந்தப் பென்ஷனை, என் வண்டியில் ஏறுகிற கிழவர்கள் வாங்குவதில்லை. முதியவர்களைக் காப்பது குடும்பத்தின் கடமை, சபையின் கடமை என்று அந்தப் பென்ஷனுக்கான வரியையே கட்ட மறுத்தவர்கள். 1961-ல் மேற்குப் பென்சில்வேனியாவில் வாலண்டைன் பைலர் என்ற ஆமிஷ் விவசாயியின் மூன்று குதிரைகளை வரித்துறை பறிமுதல் செய்தது. நாடே முகம் சுளித்தது. 1965-ல் சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு விலக்கு வந்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் அவர்களுக்கு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் குடும்பமும் சபையும் சேர்ந்து கைக்காசாகக் கட்டுகிறார்கள். ஆகவே டாக்டரிடம் போகிற ஒவ்வொரு பயணமும் அவர்களுக்கு யோசித்து எடுத்த முடிவு. நாம் ஒருநாள் வராமல் போனால் அது சின்ன விஷயமில்லை. சில குடும்பங்களில் மரபணு நோயோடு பிறக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகவே 1989-ல் லங்காஸ்டர் கவுண்டியில் ஒரு சிறப்பு கிளினிக் தொடங்கப்பட்டது. அப்படி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அரை மணி நேரமும் பெரிது. அந்த மாதிரி அழைப்பு ராத்திரி இரண்டு மணிக்கு வரும். அதை எடுக்கிறவராக இருப்போமா என்பதை ஆரம்பத்திலேயே வீட்டில் பேசி முடிவுசெய்ய வேண்டும். எங்கள் வீட்டில் பேசினோம். எடுப்பது என்று முடிவுசெய்தோம்.

என் தீர்ப்பு இது. அண்ணனைப் போல வீடு தள்ளியிருக்கிற, பணத்துக்குப் பெரிய நெருக்கடியில்லாத ஒருவர், இருக்கிற மினிவேனில் வாரம் மூன்று நாள் என்று ஆரம்பிப்பதே சரி. ஒரு வருஷம் கழித்து, கல்யாண சீசன் ஒன்றைப் பார்த்தபின், இரண்டாவது டிரைவர் ஒருவர் துணைக்குக் கிடைத்தால் மட்டும் பெரிய வேனை யோசிக்கலாம். தனியாளாக ஒஹையோ ஓட்டம் வேண்டாம்.

சொன்னபடி அண்ணன் போன வியாழக்கிழமை வந்தார். பர்ட்-இன்-ஹேண்ட் பக்கம் ஒரு பாட்டியையும் அவருடைய இரண்டு மருமகள்களையும் ஏற்றினோம். ஒருவருக்குக் கண் டாக்டர், ஒருவருக்குத் துணிக்கடை, பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பியைப் பார்க்க வேண்டும். பார்க்கிங்கில் மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அண்ணன் முதல் ஒரு மணி நேரம் போனை நோண்டினார், பிறகு வைத்துவிட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் ஊர்க் கதை பேசினோம், பெரியப்பாவைப் பற்றிப் பேசினோம். திரும்பும்போது பாட்டி பின்சீட்டிலிருந்து, தம்பி தன்னை அடையாளம் கண்டுகொண்டதாகச் சொன்னார். இறங்குமுன் கணக்குப் பார்த்து, மூன்று பேரின் பங்கையும் தனித்தனியாக எண்ணி என் கையில் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பை கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்துவிட்டுப் போனார், ஒரு பாட்டில் ஆப்பிள் ஜாமும் நாலு முட்டைக்கோசும்.

வழியில் அண்ணன், "தம்பி, அந்த ஏஜெண்ட் நம்பரைக் குடு" என்றார். வேன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இந்தச் செவ்வாய்க்கிழமையும் பக்கத்து சீட்டில் வருகிறார்.